தேறியது கொஞ்சம்

786
பிரிக்பீல்ட்ஸ்
2603 மே 3

மரியாதைக்குரிய ஜெய்னம்பு லாத்தாவுக்கு, தம்பி கிஃபாயத்துல்லா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நாயன் கிருபையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தாங்களும் பீர் முகம்மது மச்சானும் அவர் தம்பி சலாவுதீனும் சுகமாக இருக்கிறீர்களா என்று எழுதவும்.

மேலே வருஷத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். ஆபீசில் இப்போது 1943 கிடையாது, ஜப்பானிய வருஷம்தான். வீட்டுக்கு எழுதும்போதும் கை அப்படியே போய்விடுகிறது.

எனக்கு உத்தியோகம் கிடைத்திருக்கிறது லாத்தா. கோலாலம்பூரில் உற்பத்தி இலாகாவில் தமிழ் எழுத்தர். மேலதிகாரி சொல்வதை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்வார். நான் தமிழில் எழுதுவேன். மரவள்ளி, கயிறு, சோப்பு, மரம் எல்லாவற்றுக்கும் விளைந்து கைக்கு வந்ததைச் சொல்ல ஒரே ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் என்றார். எல்லாரும் முழித்தார்கள். நான் 'தேறியது' என்றேன். மச்சான் கடையில் துணி விற்று, செலவு போக மிஞ்சியதை "இன்னைக்கு இவ்வளவு தேறுச்சு" என்பாரே, அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். இப்போது மலாய் நாட்டுத் தமிழ் அறிக்கை எதிலும் மச்சான் வார்த்தைதான். அவரிடம் சொல்லுங்கள், சிரிப்பார்.

இன்னொன்று. சயாமில் ரயில் பாதை வேலைக்கு ஒவ்வொரு கடைத்தெருவும் ஆள் தர வேண்டும் என்று கிள்ளானில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். அது நான் எழுதிய தமிழ். மூன்று மாதம்தான். சாப்பாடு, மருந்து எல்லாம் உண்டு. நம் கடையிலிருந்து ஒருவர் போவது கட்டாயம் என்றால் பயப்பட வேண்டாம், தைரியமாகப் போகட்டும். நானே எழுதிய நோட்டீஸ், எனக்குத் தெரியாதா?

தங்கள் துஆவை நாடும் தம்பி,
கிஃபாயத்துல்லா


786
கிள்ளான்
ஜமாதுல் அவ்வல் பிறை 20

தம்பி கிஃபாயத்துல்லாவுக்கு லாத்தாவோட சலாமும் துஆவும். நான் சுகமா இருக்கேன். நீ வேளாவேளைக்குப் பசியாறுறியா? போன வாட்டி பார்த்தப்போ கன்னமெல்லாம் ஒட்டிக் கிடந்துச்சு.

இதைத் தபால்ல போடல. பக்கத்து வீட்டு தெய்வானையோட அண்ணன் சின்னையா லோரி ஓட்டுறாருல்ல, அவரு உன் வாசல் வழியாத்தான் போறாரு. அவரு கையில குடுத்தனுப்புறேன். பிரிச்சுப் படிக்க ஆளில்ல. அதனால மனசுல வர்றதை எழுதுவேன். நீ வெலவெலத்துப் போயிடாதே.

உன் மச்சான் போயிட்டாங்க. சலாவுதீன்தான் நான் போறேன், நான் போறேன்னு குதிச்சான். "கல்யாணங்காச்சி ஆகாத பய, நீ கடையைப் பாருலா. மூணு மாசந்தானே, மச்சினனே எழுதியிருக்கான்"னு சொல்லிட்டு இவங்க கிளம்பிட்டாங்க. தெய்வானை புருஷன் அய்யாவு, நம்ம கடை வாசல்ல தையல் மிஷின் போட்டிருக்காருல்ல, அவரும் அதே கூட்டத்துல. ரயில்ல உக்கார இடமில்ல தம்பி, சரக்கு ஏத்துற வண்டி. ரெண்டு பேரும் கதவோரமா நின்னாங்க. வண்டி நகர்றப்போ இவங்க என்னமோ கத்துனாங்க, எனக்கு விளங்கல. கடைச் சாவியைப் பத்தின்னு சலாவுதீன் சொல்றான். எனக்கு அப்படித் தோணல.

உன் வார்த்தையைக் கேட்டு இவங்க சிரிக்கத்தான் செஞ்சாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரல. தேறுச்சுன்னா, காய்ச்சல்ல கிடந்தவன் எழுந்து உக்காந்து கஞ்சி கேட்டான்னு அர்த்தம். பொம்பளைங்க வாயில அதுதான் தேறுச்சு. உங்க ஆபீஸ்ல மரவள்ளிக்கிழங்குக்கா காய்ச்சல்?

இவங்க பேரு எதுலயாச்சும் கண்ணுல பட்டா உடனே எழுது.

லாத்தா
ஜெய்னம்பு


786
பிரிக்பீல்ட்ஸ்
2603 ஜூன் 19

அன்பும் மரியாதையும் கலந்த லாத்தாவுக்கு, தம்பியின் சலாம். சுகமே இருக்கிறேன், தங்கள் சுகத்துக்கு அல்லாஹ்வை வேண்டுகிறேன்.

மச்சான் போனதை அறிந்தேன். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பார். இதைத் தபாலிலேயே அனுப்புகிறேன். சர்க்கார் உத்தியோகஸ்தன் திருட்டு வழியில் காகிதம் அனுப்பக்கூடாது.

தாங்கள் கேலி செய்தீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு நாடு முன்னேறுகிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? என்ன விளைந்தது, என்ன செய்தோம், எவ்வளவு தேறியது. அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும் புலம்பல். போன வருஷம் வெறுங்காடாகக் கிடந்த இடத்தில் இன்று மரவள்ளி. அன்னாசி நாரில் கயிறு திரிக்கிறார்கள். வெள்ளைக்காரன் சோப்பு இல்லாவிட்டால் என்ன, செம்பனை எண்ணெயில் நாமே செய்கிறோம். முதலில் உற்பத்தி, அது பெருகினால் சுகம் பின்னாலேயே வரும். இதைப் பேப்பருக்கு எழுதிக் கொடுத்தேன், மேலதிகாரி தலையை அசைத்தார்.

ஆட்களுக்கும் இப்போது அதே சொல்தான் லாத்தா. ஒரு கூட்டத்தில் எத்தனை பேர் அனுப்பினோம், அதில் எத்தனை பேர் வேலைக்கு நிற்கிறார்கள் என்று அங்கிருந்து தந்தி வரும். நிற்கிறவர்களைத் 'தேறியது' என்று எழுதுவேன். ஒரே சொல்லாக இருந்தால் குழப்பமில்லை பாருங்கள்.

தம்பி,
கிஃபாயத்துல்லா


786
கிள்ளான்
ஷஃபான் பிறை 25

தம்பிக்கு லாத்தா சலாம். உசிரோட இருக்கோம், அல்ஹம்துலில்லாஹ். நோன்பு வருது, உனக்கு அங்க ஸஹருக்கு எழுப்பிவிட ஆள் இருக்கா?

மூணு மாசம் போயிடுச்சு. உன் மச்சான் வரல. அய்யாவும் வரல. ஒரு காகிதம் கூட இல்ல. தெய்வானை ஒவ்வொரு ரயிலுக்கும் போய் நின்னுட்டு வர்றா. நான் போறதில்ல. அவளை வாசல்ல பார்த்ததுமே தெரிஞ்சிடுது.

நீ பேப்பர்ல எழுதினதைச் சலாவுதீன் படிச்சுக் காட்டினான். நல்லாத்தான் எழுதுறே. கயிறு நிறைய செய்றீங்களாம். சரி, கட்டுறதுக்கு ஆடு எங்கடா? சோப்பு செய்றீங்களாம், துவைக்கத் துணி எங்க? நம்ம கடையிலேயே ஒரு முழம் கிடையாது. வெள்ளை மல்லு ஒரு சுருள் மட்டும் உன் மச்சான் மௌத்துத் துணிக்குன்னு பள்ளிவாசலுக்கு எடுத்து வெச்சிருந்தாங்க. அதுவும் தீந்துபோச்சு. போன ஜும்ஆ கழிச்சு ஒரு பெரியவரைக் கோணிச் சாக்கு பிரிச்சுத் தைச்சு அடக்கினாங்க.

நாடு எப்படி இருக்குன்னு நான் பாக்குறது காலுல. பாசாருக்குப் போனா எல்லாரோட காலையும் பாக்குறேன். வீங்கிக் கிடக்கு. விரலால அழுத்துனா பள்ளம் விழுது, விழுந்த பள்ளம் எழும்ப மாட்டேங்குது. இல்லாட்டி எலும்பு தெரியிற அளவுக்குப் புண்ணு. புள்ளைங்களுக்கு வயிறு முன்னாடி, ஆளு பின்னாடி. காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை கேட்டா ஆஸ்பத்திரியில சிரிக்கிறாங்க. புலம்பல்னு எழுதினியே, இதுதான்டா அந்தப் புலம்பல். உன் மரவள்ளியெல்லாம் மண்ணுக்குள்ள நல்லா இருக்கு. மேல நடக்குறவங்களைத்தான் காணோம்.

உற்பத்தி பெருகினா சுகம் பின்னாடியே வரும்னு எழுதியிருக்கே. எத்தனை பின்னாடி வரும்? நான் நிக்கிறேன், பாத்துட்டுத்தான் இருக்கேன்.

இவங்க கூட்டத்தைப் பத்தி விசாரிச்சு எழுது. உனக்குப் புண்ணியமாப் போகும்.

லாத்தா
ஜெய்னம்பு


786
பிரிக்பீல்ட்ஸ்
2603 அக்டோபர் 27

லாத்தாவுக்குத் தம்பி சலாம். நான் சுகம்.

தாமதத்துக்குப் பொறுக்கவும். ஆபீசில் வேலை. தபாலில் எல்லாவற்றையும் விரிவாக எழுத முடியாது என்பது தங்களுக்குத் தெரியும்.

மச்சானும் அய்யாவும் போன கூட்டத்தைப் பற்றி எங்களுக்கு வந்த சேதி:

தேறியது கொஞ்சம்.

இதற்கு மேல் எழுத வழியில்லை. நம் ஆபீஸ் சொல்லைத் தங்களுக்கு முன்பே எழுதியிருக்கிறேன். விளங்கிக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். மனசைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிஃபாயத்துல்லா


786
கிள்ளான்
துல்கஃதா பிறை 12

என் கண்ணான தம்பிக்கு லாத்தா ஆயிரம் சலாம்! நான் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். நீயும் நூறாண்டு நல்லா இருக்கணும்.

உன் காகிதம் வந்தப்போ வெளியில நின்னு படிக்கப் பயமா இருந்துச்சு. அடுப்படிக்குள்ள போய் உக்காந்து படிச்சேன். "தேறியது கொஞ்சம்." யா அல்லாஹ்! அப்போ நோவுலதான் கிடந்திருக்காங்க. கை நடுங்கியிருக்கும், எப்படி எழுதுவாங்க? அதான் காகிதம் வரல. இது தெரியாம நான் அவங்களை மனசுக்குள்ள எப்படியெல்லாம் திட்டியிருக்கேன்! இப்போ கொஞ்சம் தேறியிருக்கு. கொஞ்சம் தேறினா மிச்சமும் தேறும்.

ஓடிப்போய் தெய்வானைகிட்ட சொன்னேன். அவ உக்காந்த இடத்துலயே அழுதா. மரவள்ளி மாவுல ரொட்டி சுட்டு, பாத்திஹா ஓதித் தெரு பூரா குடுத்தோம். ரொம்ப நாளைக்கப்புறம் கண்ணுக்கு சுருமா எழுதினேன். தெய்வானை பார்த்துட்டு, "என்னக்கா, மாப்பிள்ளை வாசல்ல நிக்கிற மாதிரியில்ல இருக்கு"ன்னு கேலி பண்றா. பண்ணட்டும்.

நேத்து லுஹருக்கு அப்புறம் ஒண்ணு நடந்துச்சு. நீ நம்ப மாட்டே. கடைப் பக்கமிருந்து துணி கிழிக்கிற சத்தம் கேட்டுச்சு. இவங்க கத்திரியால நுனியில ஒரு வெட்டு வெட்டிட்டு ரெண்டு கையாலயும் 'சர்ரு'ன்னு கிழிப்பாங்களே, அதே சத்தம். போய்ப் பார்த்தேன். கடை பூட்டிக் கிடக்கு. உள்ள கிழிக்கிறதுக்குத் துணியே இல்ல. பயமா இல்ல தம்பி. வந்துக்கிட்டு இருக்காங்கன்னு தோணுச்சு.

இப்போ நீ உடனே பதில் எழுத வேண்டிய சேதி. சலாவுதீன் நிக்க மாட்டேங்குறான். "அண்ணன் எனக்காகப் போய் நோவுல கிடக்காரு, பக்கத்துல ஒரு ஆளு வேணாமா? நான் போய்ப் பார்த்துக் கூட்டிட்டு வரேன்"னு அடுத்த கூட்டத்துல பேரு குடுக்கப் போறான். ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்சதும் கிளம்புறாங்களாம். நான் எதுவும் சொல்லல. நீ உள்ள இருக்கிறவன், உனக்குத் தெரியும். போகலாமா, வேணாமா? நீ சொன்னா சரி. சின்னையா அண்ணன்கிட்ட வாயால சொல்லியனுப்பினாக் கூடப் போதும்.

லாத்தா
ஜெய்னம்பு


786
பிரிக்பீல்ட்ஸ்
2604 ஜனவரி 11

லாத்தாவுக்கு, சலாம். சுகத்துக்குக் குறைவில்லை.

தங்கள் காகிதத்தைச் சின்னையா அண்ணன் கொடுத்த அன்றே படித்தேன். உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியது சரியில்லை என்று கிழித்தேன். மறுபடி எழுதினேன். அதையும் கிழித்தேன். அப்புறம் வருஷக் கடைசி அறிக்கை வந்து தலைமேல் விழுந்தது.

சலாவுதீன் போக வேண்டாம் லாத்தா. காரணம் கேட்காதீர்கள். இங்கேயும் உற்பத்திக்கு ஆள் குறைவாக இருக்கிறது, வாலிபர்கள் ஊரில் இருப்பதே நாட்டுக்கு நல்லது. கடையையும் ஒரு ஆண்பிள்ளை பார்க்க வேண்டுமே.

பாத்திஹா ஓதியதை எழுதியிருந்தீர்கள். நல்லது. ஓதுவது எப்போதும் நல்லது.

தம்பி


786
கிள்ளான்
ஸஃபர் பிறை 9

தம்பிக்கு லாத்தா எழுதுறது. சலாம். உடம்புக்கு ஒண்ணுமில்ல.

உன் காகிதம் வந்தப்போ சலாவுதீன் போய் ஒரு மாசம் ஆகியிருந்துச்சு. உன் பதிலுக்காகக் கடைசி நாள் வரைக்கும் அவனைப் பிடிச்சு வெச்சேன். "கிஃபாயத்து மச்சான் வேணாம்னா சொல்லியிருப்பாருல்ல, பேசாம இருக்காருன்னா போன்னுதானே அர்த்தம்"ன்னான். எனக்கும் அது சரின்னு பட்டுச்சு. உன் மச்சானுக்கு ஒரு கைலியும், இஞ்சி மொரப்பாவும், தைலமும் கட்டிக் குடுத்தேன். கைலி, என் பழைய சேலையைத் தெய்வானை பிரிச்சுத் தைச்சது. நிறம் கொஞ்சம் பொம்பளை நிறந்தான், பார்த்துட்டு என்னைத் திட்டுவாங்க.

போக வேண்டாம்னு எழுதியிருக்கே, ஏன்னு எழுதலையே. உற்பத்திக்கு ஆள் குறைவுன்னா, நீ எனக்கு எழுதுறியா, பேப்பருக்கு எழுதுறியா?

காலையில ரயில் ஏறினா பசியாறுறதுக்கு இங்க வந்து சேர்ந்துடலாம். நீ வந்து ஒரு வருஷமாகப் போகுது. ஏன்டா வர மாட்டேங்குறே? முந்தியெல்லாம் மீன் ஆணம் வெச்சேன்னு கேள்விப்பட்டாலே ஓடி வருவியே.

கடையில சத்தம் இப்போ அடிக்கடி கேக்குது.

லாத்தா
ஜெய்னம்பு


786
பிரிக்பீல்ட்ஸ்
2604 செப்டம்பர் 4

லாத்தாவுக்கு,

சலாம். என் சுகத்தை விசாரித்திருந்தீர்கள். சாப்பிடுகிறேன், தூங்கத்தான் முடியவில்லை. தாங்கள் நோன்பு பிடிக்கிறீர்களா? உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

கிள்ளானில் கேட்கும் சத்தம் எனக்கும் கேட்கிறது.

சிரிக்காதீர்கள். ஆபீசில் மத்தியானம் எல்லாரும் இருக்கும்போது கேட்கிறது. பக்கத்து அறையில் யாரோ நின்று கெஜக்கோலால் அளந்து, வெட்டி, கிழிக்கிற மாதிரி. "கேட்டதா?" என்று பக்கத்து மேஜை ராதாகிருஷ்ணனைக் கேட்டேன். "காகிதம் கிழிக்கிறானுங்க சார்" என்றார். காகிதச் சத்தம் எனக்குத் தெரியாதா? நான் இருக்கும் வீட்டுக்குப் பின்னால்தான் தண்டவாளம். வடக்கே போகும் வண்டிகள் சில நேரம் அங்கே நிற்கும். கதவோரம் நிற்கிறவர்கள் தண்ணீர் கேட்பார்கள். முன்பெல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பேன். இப்போது சன்னலைச் சாத்திவிடுகிறேன். அதில் ஒருவர் என்னைப் பார்த்து மச்சான் என்று கூப்பிட்டார். யாரையோ கூப்பிட்டிருப்பார்.

இந்த மாதமும் தேறியது கூடியிருக்கிறது என்றுதான் எழுதினேன். குறைந்தது என்று எழுத எங்களிடம் சொல்லே கிடையாது. கேட்டால், போன மாதத்தைவிடக் கூட்டி எழுது என்கிறார்கள். எழுதுகிறேன். பேப்பரில் படித்தால் எனக்கே இது எந்த நாடு என்று ஆச்சரியமாக இருக்கிறது. அங்கே போய்க் குடியிருக்கலாம் போலிருக்கிறது.

தங்களிடம் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். வீட்டில் என்ன நிறம் உடுத்துகிறீர்கள்? இந்தப் பஞ்ச காலத்தில் வெள்ளை உடுத்தினால் என்ன? சாயத் துணியெல்லாம் எதற்கு?

தம்பி


786
கிள்ளான்
ரமலான் பிறை 27

கிஃபாயத்துல்லாவுக்கு.

நோன்பு வெச்சுக்கிட்டு வாயைத் திறக்கக்கூடாதுன்னு இத்தனை நாள் பொறுத்தேன். என்னடா கேள்வி இது? புருஷன் ஹயாத்தா இருக்கும்போது நான் ஏன் வெள்ளை உடுத்தணும்? உனக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? பச்சைச் சேலைதான் உடுத்தியிருக்கேன். வளையல் போட்டிருக்கேன். பெருநாளைக்கும் அதைத்தான் உடுத்துவேன்.

தூக்கமில்லாம கண்டதையும் நினைக்கிறே. ஒரு தரம் லீவு கேட்டு இங்க வந்துட்டுப் போ. நேர்ல உன் மூஞ்சியைப் பார்த்தா எனக்கும் மனசு ஆறும். வர்றியா? வரேன்னு ஒரு வார்த்தை எழுது.

லாத்தா


786
பிரிக்பீல்ட்ஸ்
1945 அக்டோபர் 9

மரியாதைக்குரிய லாத்தாவுக்குத் தம்பி சலாம். நோன்பும் பெருநாளும் நல்லபடி கழிந்திருக்கும் என்று நம்புகிறேன். போன வருஷத்துக் காகிதத்துக்குப் பதில் எழுதாததை மன்னிக்கவும்.

ஜப்பான்காரன் போய்விட்டான். கண்ட தாளில் அச்சடித்த அவன் நோட்டையெல்லாம் பிள்ளைகள் பட்டம் கட்டி விடுகிறார்கள். நமக்கு நல்ல காலம் லாத்தா. வந்திருக்கும் புது நிர்வாகத்துக்கும் தமிழ் எழுத்தர் வேண்டுமாம். முன் அனுபவம் உண்டா என்றார்கள். உண்டு என்றேன். ரப்பர், ஈயம் எல்லாம் மறுபடி எழும்ப வேண்டும். அது எழும்பினால்தான் நாடு எழும்பும். முதல் அறிக்கை தயாராகிக்கொண்டிருக்கிறது.

இப்போது தபாலைப் பிரிக்கிறவன் இல்லை. மனம் விட்டு எழுதலாம். நிறைய எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். நேரில் பேசுவோம். வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி லீவு கேட்டிருக்கிறேன். காலை ரயிலில் வருகிறேன்.

தம்பி,
கிஃபாயத்துல்லா


786
கிள்ளான்
துல்கஃதா பிறை 9

கிஃபாயத்துல்லாவுக்கு, ஜெய்னம்பு எழுதுறது.

அய்யாவு வந்துட்டாரு. முந்தாநேத்து மத்தியானம். தெய்வானை ரயிலுக்குப் போறதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு, அதனால ஸ்டேஷன்ல யாரும் இல்ல. தானாவே நடந்து வந்து வாசல்ல நின்னாரு. அவளுக்கு அடையாளம் தெரியல. "யாரு வேணும்?"னு கேட்டுட்டா. அவரு நம்ம கடை வாசலைக் காட்டி, "என் மிஷின் எங்க புள்ள?"ன்னப்புறந்தான் தெரிஞ்சுச்சு.

தண்ணி குடிச்சதும் என்னைக் கூப்பிட்டாரு. எழுந்திரிக்க முடியல, தரையில உக்காந்தபடியே சொன்னாரு. உன் மச்சான் மௌத்தாகிட்டாங்க. போன வருஷம் இல்ல, அதுக்கு முந்தின வருஷம், நோன்புக்குக் கொஞ்சம் முன்னாடி. வாந்தியும் பேதியும். காலையில ரெண்டு பேரும் சேர்ந்து மண்ணு சுமந்தாங்களாம், அஸருக்கு முடிஞ்சிபோச்சாம். அந்த மழையில கூட்டமே போயிடுச்சு. கொஞ்சப் பேருதான் மிஞ்சினாங்கன்னாரு. "கொஞ்சந்தான்க்கா தேறுச்சு"ன்னாரு.

அவரு வாயில அந்த வார்த்தை வந்ததும் எனக்கு எல்லாம் விளங்கிடுச்சு.

சலாவுதீன் அங்க போய்ச் சேர்ந்தானாம். இவரைத் தேடிப் பிடிச்சு, "அண்ணன் எங்க?"ன்னு கேட்டானாம். இவரு கையைக் காட்டின இடத்துல மூங்கில் முளைச்சிருந்துச்சாம். நான் குடுத்த கைலியை அவனே கட்டிக்கிட்டான். திரும்ப விடுவாங்களா? அடுத்த மழையில அவனும் போயிட்டான். பத்தொன்பது வயசு. பொம்பளை நிறம்னு அங்க எல்லாரும் சிரிச்சாங்களாம், அவனும் கூடச் சேர்ந்து சிரிச்சானாம்.

நீ பொய் எழுதல. பொய் எழுதியிருந்தாக் கூட மன்னிச்சிருப்பேன்டா. எனக்கு வலிக்கக்கூடாதுன்னு தம்பி பொய் சொன்னான்னு நினைச்சிருப்பேன். நீ உண்மையைத்தான் எழுதினே, உங்க ஆபீஸ் வார்த்தையில எழுதினே. நான் தப்பா விளங்கிக்கிட்டேன். சந்தோஷத்துல ரொட்டி சுட்டதையும் உனக்கு எழுதினேன். நீ அதைப் படிச்சே. படிச்சுட்டு எழுதி எழுதிக் கிழிச்சே. தபாலைப் பிரிக்கிறாங்கன்னு சொல்லாதே. சின்னையா அண்ணன் ஒவ்வொரு வாட்டியும் உன் வாசல்ல நின்னு, "பதில் ஏதும் இருக்கா தம்பி?"ன்னு கேட்டாரே. அவரு காதுல ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலையா? அந்தப் பையன் போயிருக்க மாட்டானே.

ஆலிம்சாவைக் கூப்பிட்டு, நான் இன்னைக்கே இத்தாவுல உக்காரணும், முறை சொல்லுங்கன்னேன். அவரு எப்போ மௌத்துன்னு கேட்டாரு. சொன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. புருஷன் மௌத்தான நாள்ல இருந்து நாலு மாசம் பத்து நாளுதான் இத்தாவாம். பொஞ்சாதிக்குத் தெரிஞ்சாலும் தெரியாட்டியும் அது ஓடிக்கிட்டே இருக்குமாம். "உங்களுக்கு முடிஞ்சு ரொம்ப காலமாச்சும்மா, இனி உக்காரத் தேவையில்ல"ன்னாரு.

அந்த நாளெல்லாம் நான் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தேன்? சுருமா எழுதிக்கிட்டு, வளையல் போட்டுக்கிட்டு, தெய்வானை கேலி பண்ணினா சிரிச்சுக்கிட்டு இருந்தேன். நீ அந்த ரெண்டு வார்த்தை எழுதினப்போ எனக்குப் பாதிக்கு மேல பாக்கி இருந்துச்சு. அவங்களுக்காக நான் மூலையில உக்காந்து அழ வேண்டிய நாளு. போக வேண்டாம்னு நீ எழுதினப்போ அதுவும் தீந்துபோச்சு. கணக்குப் போட்டுப் பாரு, உனக்குத்தான் நல்லா வருமே.

ஆனா நான் உக்காரப் போறேன். தேவையில்லாட்டியும் உக்காரப் போறேன். இன்னைக்கு மஃரிபுல இருந்து. தெய்வானை வெள்ளைத் துணிக்கு எங்கெங்கயோ போய்க் கேட்டு, கோதுமை மாவுப் பையை வெளுத்துத் தைச்சுக் குடுத்திருக்கா. அய்யாவு மிஷின்லதான் தைச்சா. அவருக்கு இன்னும் கால் எழும்பல.

வெள்ளிக்கிழமை வரேன்னு எழுதியிருக்கே. எத்தனை வாட்டி கூப்பிட்டிருப்பேன் உன்னை. இத்தாவுல இருக்கிறவ முன்னாடி அந்நிய ஆம்பளை வரக்கூடாது, கூடப்பிறந்தவன் வரலாம்னு ஆலிம்சா சொல்லிட்டுப் போயிருக்காரு.

நீ வராதே.

ஜெய்னம்பு